பிறப்பைத் தொடரும் சந்தேகம்

ஒருவர் மீது எழும் சந்தேகம் அவர் செய்த செயலிலிருந்து எழ வேண்டுமே தவிர, அவர் பிறந்த குலத்திலிருந்தோ பேசும் மொழியிலிருந்தோ எழக் கூடாது என்பது குற்றவியல் நீதியின் அடிப்படை நெறி. இந்நெறி நீதிமன்றத்தில் மீறப்படுவதற்கு வெகு முன்பே தெருவிலும் காவல் நிலையத்திலும் மீறப்பட்டுவிடுகிறது என்பதால், காவல் துறையின் பாரபட்சம் பற்றிய விவாதத்தைத் தீர்ப்பிலிருந்து அல்லாமல், சந்தேகம் உருவாகும் இடத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

சென்னையில் அடையாறை அடுத்துள்ள வேளச்சேரியில் 2012 பிப்ரவரி 23 அதிகாலையில், பெருங்குடியிலும் கீழ்க்கட்டளையிலும் நடந்த இரு வங்கிக் கொள்ளைகள் தொடர்பாகத் தேடப்பட்ட வட மாநில இளைஞர்கள் ஐவர், வாடகை வீடொன்றில் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். தற்காப்புக்காகவே சுட நேர்ந்ததாகக் காவல் துறை கூறியது. இத்தகைய கொலைகளே பேச்சு வழக்கில் ‘என்கவுன்டர்’ எனப்படுகின்றன. அவர்கள் கொள்ளையர்களாகவே இருந்திருக்கக்கூடும் என்றாலும், அதை முடிவு செய்யும் அதிகாரம் நீதிமன்றம் ஒன்றுக்கே உரியது. அந்த வாய்ப்பு அன்று அதிகாலையிலேயே முடிந்துபோனது. அதையடுத்து, வாடகைக்குக் குடியிருப்போரின் விவரங்களை வீட்டு உரிமையாளர்கள் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டுமென மாநகரக் காவல் ஆணையர் உத்தரவிட்டார். ஏட்டளவில் அது எல்லோருக்கும் பொதுவானது. ஆனால், ஐவர் மீதிருந்த சந்தேகம் வட மாநிலத்தவர் என்ற ஓர் அடையாளத்தின் மீதே படிந்துவிட்ட அச்சூழலில், வேலைக்காகவும் படிப்பிற்காகவும் வந்திருந்த, கொள்ளையோடு எவ்விதத் தொடர்புமற்ற இளைஞர்களே அதன் சுமையை மிகுதியாகத் தாங்க நேர்ந்தது.

தனிப்பட்ட எந்தக் காவலரும் வெறுப்போடு நடந்துகொள்ளாமலேயே ஒரு துறை முழுவதும் பாரபட்சமாக இயங்க முடியும் என்பதை இங்கிலாந்து ஒப்புக்கொள்ள ஆறாண்டுகள் பிடித்தன. 1993இல் லண்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் வெள்ளையர் கும்பலால் குத்திக் கொல்லப்பட்ட வழக்கின் புலனாய்வை ஆராய்ந்த மேக்பெர்சன் விசாரணை, 1999இல் அளித்த அறிக்கையில் இத்தகைய பாரபட்சத்தை ‘நிறுவனமயப்பட்ட இனவாதம்’ என்று குறிப்பிட்டது. அதாவது, துறையின் பழக்கங்களிலும் முன்முடிவுகளிலும் ஊறிப்போய், ஒரு பிரிவினருக்கு உரிய சேவை கிடைக்காமல் செய்துவிடும் குறைபாடு.

தமிழகத்தில் அந்தப் பழக்கத்திற்குச் சட்டமே அடித்தளம் இட்டது. 1871இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911இன் திருத்தத்திற்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் (மக்கள் வழக்கில் ரேகைச் சட்டம்), கள்ளர், குறவர் உள்ளிட்ட பல சமூகத்தினரைப் பிறப்பினாலேயே குற்றவாளிகளாகப் பதிவு செய்து, கைரேகை எடுத்து, அவர்களது நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. சென்னை மாகாணத்தில் 1947இல் அச்சட்டம் நீக்கப்பட்டாலும், அதன் பார்வை காவல் நிலையங்களை விட்டு நீங்கவில்லை. திருட்டுச் சந்தேகத்தின் பேரில் 1993இல் கடலூர் மாவட்டம் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு சித்திரவதையால் இறந்ததும், அவர் தப்பியோடிவிட்டதாகப் போலீசார் சாதித்ததும், அப்போது வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு ஆட்கொணர்வு மனு வழியே அப்பொய்யை உடைத்ததும் அதற்குச் சான்று. சாதி அடிப்படையில் கைதிகளைப் பிரிக்கும் சிறை விதிகளை 2024 அக்டோபர் 3 அன்று ரத்து செய்த உச்ச நீதிமன்றம், பாளையங்கோட்டை சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்ததற்குச் சொல்லப்பட்ட நியாயத்தை நிராகரித்ததோடு, சீர்மரபினர், அதாவது ரேகைச் சட்டப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்ட சமூகத்தினர், மனம்போன போக்கில் கைது செய்யப்படாதவாறு போலீசார் நடந்துகொள்ள வேண்டும் எனவும் கட்டளையிட்டது.

ஆயினும், பெரிய தடை சட்டத்தில் இல்லை. பொதுமக்களின் கைதட்டலில் இருக்கிறது. பிடிபட்டவர் கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிந்ததாகச் செய்தி வரும்போதும், மாவுக்கட்டுடன் அவர் நிற்கும் படம் பரவும்போதும், அதைப் பாராட்டிப் பகிர்வோர் பலர். வழக்கறிஞர் வைக்க வசதியும், கேள்வி கேட்க ஆளும் உள்ளவர்கள் அத்தகைய படங்களில் அரிதாகவே காணப்படுகிறார்கள் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. காவலில் நேரும் மரணத்தை நீதித்துறை நடுவரே விசாரிக்க வேண்டுமெனச் சட்டம் சொல்கிறது; என்கவுன்டர் நடந்தால் வழக்குப் பதிந்து, சி.ஐ.டி. பிரிவோ வேறொரு காவல் நிலையத்தின் குழுவோ புலனாய்வு செய்ய வேண்டுமென 2014இல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. மக்களே தீர்ப்பு எழுதி முடித்துவிட்ட ஒரு வழக்கில் இவ்விசாரணைகள் வலுவிழந்துபோவதில் வியப்பில்லை.

காவல் துறையினரின் மனித உரிமை மீறலால் பாதிக்கப்பட்டவரோ, அவர் சார்பில் வேறொருவரோ, மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் இடையே பசுமைவழிச் சாலையில் இயங்கும் மாநில மனித உரிமைகள் ஆணையத்தில் முறையிடலாம். அதன் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. முறையீட்டிற்குக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் ஆணையம் அதை விசாரிக்க இயலாது என்பதால், காலம் தாழ்த்தாமல் முறையிடுவது அவசியம்.