சந்தகையும் ஸ்பகெட்டியும்



1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், பிரிட்டனின் பி.பி.சி. தொலைக்காட்சி ஒரு சிறு செய்திப் படத்தைக் காட்டிற்று. சுவிட்சர்லாந்தின் தென்பகுதியில் ஒரு குடும்பத்தார் மரக்கிளைகளில் தொங்கும் நீண்ட இழைகளைப் பறித்து வெயிலில் உலர்த்துகின்றனர். இதுவே ஸ்பகெட்டி அறுவடை என்று ரிச்சர்ட் டிம்பிள்பி என்னும் புகழ்பெற்ற வருணனையாளர் சற்றும் முகம் மாறாமல் விளக்கினார். முட்டாள்கள் தினத்து வேடிக்கை அது. ஆயினும் அம்மரத்தை வளர்ப்பது எவ்வாறு என்று நிலையத்தாரைக் கேட்டவர்களும் உண்டு. அவர்களைப் பார்த்து நாம் சிரிக்கலாம். ஆனால் சேமியாவை வேகவைக்குமுன் நெய்யில் வறுப்பது எதற்கு என்று கேட்டால், நம்முள் எத்தனை பேர் விடை கூறுவோம்?

ஸ்பகெட்டி இன்று நம் பக்கத்துக் கடைகளிலும் கிடைக்கிறது. விடுதி அறையில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் அதை வாங்கிச் சமைக்க முயன்று, களியாகக் கிளறிவிட்டு வருந்துவதைக் கேட்டிருக்கிறேன். இழையுணவு நமக்குப் புதிதன்று. பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் இடையே உள்ள எங்கள் பொங்கலூரில் விருந்தினர் வந்தால் சந்தகை பிழிவது வழக்கம். அந்தச் சந்தகையை அறிந்தவர்க்கு ஸ்பகெட்டி எளிதில் வசப்படும். அதன் வழியாகவே இன்று அதை விளக்க எண்ணுகிறேன்.

இழையுணவு யாவற்றிலும் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று பிழிதல், மற்றொன்று வேகவைத்தல். எதை முன்னே செய்வது என்பதில்தான் வேறுபாடு. இடியாப்பத்துக்கு மாவை வெந்நீர் விட்டுப் பிசைந்து, முதலில் பிழிந்து, பின்னர் ஆவியில் வேகவைக்கிறோம். சந்தகைக்கு அரைத்த மாவை இட்லியாக முதலில் வேகவைத்து, பின்னர் பிழிகிறோம். இத்தாலியரோ கோதுமை ரவையை நீர் விட்டுப் பிசைந்து, பிழிந்து, நன்றாக உலர்த்தி வைத்துக்கொண்டு, வேண்டும்போது கொதிநீரில் இடுகின்றனர்.

அரிசி மாவை அவ்வாறே பச்சையாகப் பிழிந்து கொதிநீரில் இட்டால் என்ன ஆகும்? கஞ்சியாகும். கோதுமையில் குளூட்டன் என்னும் பசைப் புரதம் இருக்கிறது. நீர் பட்டுப் பிசையும்போது அது வலைபோல் பின்னிக்கொண்டு மாவுச்சத்தைத் தன்னுள் பிடித்து வைக்கிறது. கொதிநீரில் அந்த வலை இறுகுமேயன்றிக் கரையாது. அரிசியில் அத்தகைய வலை இல்லை. ஆகவே மாவுச்சத்தையே பசையாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏறத்தாழ 65 முதல் 80 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அரிசியின் மாவுச்சத்து நீரை உறிஞ்சி, வீங்கி, ஒட்டும் தன்மை பெறுகிறது. இடியாப்ப மாவுக்குக் கொதிக்கும் நீரை ஊற்றுவதும், சந்தகைக்கு இட்லி அவிப்பதும் இதற்காகத்தான். இக்காரணத்தை நூலில் படியாமலே கண்டறிந்த பாட்டிமார்களை நான் வியக்கிறேன். வகுப்பில் மாவுச்சத்துப் பாடம் நடத்திய நாட்களில், சோதனைக் குழாயைவிடச் சந்தகை எனக்கு அதிகம் உதவியது.

நூலும் துணியுமாக வாழும் நம் பகுதி மாணவர்க்கு இன்னோர் ஒப்புமை சொல்லலாம். பஞ்சை நூற்பது வேறு. விஸ்கோஸ், பாலியெஸ்டர் இழைகளை உண்டாக்குவது வேறு. பின்னவை, கூழ் போன்ற பொருளை நுண்துளைத் தட்டின் வழியே அழுத்தி வெளிக்கொணர்பவை. முன்னர் சிறுமுகையில் இயங்கிய விஸ்கோஸ் ஆலையில் நிகழ்ந்ததும், நம் வீட்டு அச்சில் நிகழ்வதும் ஒரே தத்துவமே.

இனி ஸ்பகெட்டிக்கு வருவோம். மார்க்கோ போலோ சீனத்திலிருந்து இதை இத்தாலிக்குக் கொண்டுவந்தார் என்னும் கதை பொருந்தாது. அவர் ஊர் திரும்பியது 1295இல். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, 1154இல் முடிந்த தம் நூலில், சிசிலித் தீவின் திரபியா என்னும் ஊரில் மாவிழைகள் செய்து கப்பலேற்றப்பட்டதை அல்-இத்ரீசி என்னும் அரபு நிலநூலார் குறித்திருக்கிறார்.

பொட்டலத்தை வாங்குமுன் அதன் பின்புறத்தைப் படியுங்கள். டியூரம் கோதுமை ரவை என்றிருந்தால் வாங்குங்கள். மைதா என்றிருந்தால் விட்டுவிடுங்கள். அது எளிதில் குழைந்துவிடும். உலர் பாஸ்தாவை டியூரத்தில்தான் செய்ய வேண்டும் என்று இத்தாலியில் 1967இல் சட்டமே இயற்றினர். நம் கடைகளில் விற்கும் சம்பா கோதுமை இந்த டியூரத்துக்கு நெருங்கிய உறவு என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

100 கிராம் ஸ்பகெட்டிக்கு ஒரு லிட்டர் நீர், 10 கிராம் உப்பு என்பது இத்தாலியர் கணக்கு. நீர் நன்றாகத் தளதளவென்று கொதித்த பிறகே இழைகளை இட வேண்டும். ஒடிக்க வேண்டா, அடிப்பகுதி இளகியதும் மேற்பகுதி தானே வளைந்து இறங்கும். முதல் இரண்டு நிமிடங்கள் கிளறிக்கொண்டே இருத்தல் இன்றியமையாதது. இழைகளின் மேற்புற மாவு பசையாகி ஒன்றோடொன்று ஒட்டுவது அப்போதுதான். ஒட்டாமலிருக்க நீரில் எண்ணெய் விடுவோர் உளர். எண்ணெய் நீரின்மேல் மிதக்குமே தவிர, அடியில் கிடக்கும் இழைக்கு எவ்வாறு உதவும்? சேமியாவை வறுக்கும்போது நெய் ஒவ்வோர் இழையின்மீதும் பூசப்படுகிறது. மேற்புற மாவும் வறுபட்டுப் பசைத்தன்மையை ஓரளவு இழக்கிறது. முன்னே கேட்ட கேள்விக்கும் இதுவே விடை.

வெந்ததா என்பதைக் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பொட்டலத்தில் எழுதிய நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே ஓர் இழையை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை போல் வெண்புள்ளி தெரிந்தால் அதுவே இறக்கும் பதம். எஞ்சிய வேக்காடு குழம்பில் நிகழட்டும். வடிக்குமுன் ஒரு கரண்டி நீரை எடுத்து வைத்துக்கொள்ள மறவாதீர்கள். வடித்த இழையைத் தண்ணீரில் அலசவும் வேண்டா. அலசினால் குழம்பு ஒட்டாது.

குழம்புக்கு வேண்டிய தக்காளியும் சின்ன வெங்காயமும் நம் தோட்டங்களிலேயே விளைகின்றன. விலை விழும் நாட்களில் தக்காளி சாலையோரத்தில் கொட்டப்படுவதையும் கண்டிருக்கிறோம். இரண்டு பேருக்கு, 200 கிராம் ஸ்பகெட்டிக்கு, அரைக் கிலோ பழுத்த தக்காளி போதும். கொதிநீரில் அரை நிமிடம் இட்டு எடுத்தால் தோல் உரிந்துவிடும். நான்கு பல் பூண்டையும் ஒரு கைப்பிடி வெங்காயத்தையும் மெல்லிய தீயில் வதக்குங்கள். பூண்டு சிவந்துவிட்டால் கசக்கும். ஆலிவ் எண்ணெயைத் தேடி அலைய வேண்டியதில்லை. கடலை எண்ணெய் நன்றாகவே இருக்கிறது. பிசைந்த தக்காளியும் உப்பும் சேர்த்து, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வரும்வரை இருபது நிமிடமேனும் வற்றவிடுங்கள். பின்பு வடித்த இழைகளை அதில் இட்டு, எடுத்து வைத்த நீரைச் சிறிது சிறிதாக விட்டு ஒரு நிமிடம் புரட்டுங்கள். அந்நீரில் உள்ள மாவுச்சத்தே எண்ணெயையும் தக்காளிச் சாற்றையும் பிரியாமல் இணைத்து இழையின்மேல் படியச் செய்கிறது.

சந்தகைக்கு இத்துணை எளிய வழி இல்லை. இரண்டு தம்ளர் இட்லி அரிசியை நான்கு மணி நேரம் ஊறவைத்து, நொய் இல்லாமல், இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக அரைக்க வேண்டும். நொய் இருந்தால் துளை அடைபடும். மாவைப் புளிக்கவிடுதல் கூடாது. புளித்த மாவில் காற்றறைகள் உண்டாகி இழை அறுந்து விழும். ஆவியில் பதினைந்து நிமிடம் வெந்ததும், இரண்டிரண்டு இட்லியாக எடுத்துச் சூடு ஆறுமுன் பிழிய வேண்டும். மற்றவை சட்டியிலேயே இருக்கட்டும். ஆறினால் மாவுச்சத்து மீண்டும் இறுகிவிடும்; பின்பு எத்தனை வலிமை இருந்தும் அச்சு இறங்காது.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அச்சின் கால்களைப் பற்றிக்கொள்ள, மற்றவர் கைப்பிடியைச் சுழற்றுவார். தாயும் தந்தையும் பனியன் கம்பெனியில் வேறு வேறு ஷிப்டில் உழைக்கும் வீடுகளில் அந்த இரண்டாவது ஆள் கிடைப்பதில்லை. அதனால்தான் பல வீடுகளில் அச்சு பரணில் ஏறிவிட்டது. அதை இறக்க வேண்டுமானால் அந்த இரண்டாவது ஆள் நீங்களாகத்தான் இருக்க வேண்டும். இது பெண்பிள்ளைகளின் வேலை என்று ஒதுங்கும் மாணவர்க்கு ஒன்று சொல்வேன்: சூடான இட்லியை அச்சில் இறக்கத் தோள்வலி வேண்டும்; உங்கள் உடற்பயிற்சிக்கு அதைவிட நல்ல கருவி வீட்டில் இல்லை.

பிழிந்த சந்தகையைத் தேங்காய்ப் பாலும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து உண்ணலாம். முதற்பாலைக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும், சூடேறியதும் இறக்குக. எஞ்சியதை மறுவேளை கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து எலுமிச்சைச் சாறு விட்டுக்கொள்ளலாம். அதற்குமுன் ஐந்து நிமிடம் ஆவி காட்டினால் இறுகிய இழை மீண்டும் இளகும். அச்சை மட்டும் பிழிந்த உடனே நீரில் அமிழ்த்திவிடுங்கள். மாவு உலர்ந்துவிட்டால் துளைகளை ஒவ்வொன்றாக ஊசிகொண்டு குத்தி எடுக்க நேரும்.