முப்பது ஆண்டுகள் காணாமல் போன காய்ச்சல்

2006-இல் சிக்குன்குனியா தமிழகத்தில் பரவியபோது, இதென்ன புதுக் காய்ச்சல் என்றுதான் பலரும் கேட்டார்கள். அது புதிதல்ல. 1963-இல் கொல்கத்தாவிலும், அடுத்த ஆண்டு சென்னை, வேலூர், புதுச்சேரியிலும் ஏற்கெனவே ஒரு சுற்று வந்து போயிருந்தது. 1973-இல் மகாராஷ்டிரத்தின் பார்சியில் தலைகாட்டியபின், முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரிதாகத் தென்படவில்லை. திரும்பி வந்த அந்த 2006-இல் மட்டும் நாடு முழுவதும் சுமார் 13.9 லட்சம் பேருக்குச் சிக்குன்குனியா இருக்கலாம் எனப் பதிவானது. காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கிவிடும். மூட்டுவலியோ சிலரை மாதக்கணக்கில் படுத்தி எடுக்கும்.

போன நோய் ஏன் திரும்பியது?

வறட்சியும் கொசு வளர்க்கும்

இந்தச் சுற்றின் தொடக்கம் கென்யாவின் லாமு தீவு. 2004-இல் அங்கே மழை பொய்த்திருந்தது. கிடைத்த தண்ணீரை மக்கள் பாத்திரங்களில் நாள்கணக்கில் சேமித்தார்கள். வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் நல்ல தண்ணீரில் ஏடிஸ் எகிப்தி கொசு முட்டையிடும். பின்னர் நடந்த ரத்தப் பரிசோதனைகளின்படி, தீவில் முக்கால்வாசிப் பேரை வைரஸ் தொற்றியிருந்தது.

அங்கிருந்து கொமொரோஸ் வழியாக இந்தியப் பெருங்கடல் தீவுகளுக்கு நோய் பரவியது; பின்னர் இந்தியாவையும் எட்டியது. ஏடிஸ் கொசு சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பது அரிது. கடல் தாண்டி வைரஸைச் சுமந்து சென்றவர்கள் பயணிகள்தான்.

ஒரே ஒரு மாற்றம்

இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் ஏடிஸ் எகிப்தி அரிது. அங்கே பெருகிக் கிடந்தது புலிக்கொசு எனப்படும் ஏடிஸ் அல்போபிக்டஸ். 2005-இல் நோய் மெதுவாகத்தான் பரவியது. பிறகு வைரஸின் மேலுறைப் புரதத்தில், 226-ஆவது இடத்திலிருந்த அலனின் என்ற அமினோ அமிலம் வேலைனாக மாறியது. அந்த மாற்றத்தால் புலிக்கொசுவின் உடலில் வைரஸ் எளிதாகப் பெருகத் தொடங்கியது. 2006 பிப்ரவரியில் ஒரே வாரத்தில் 40,000 பேருக்கு மேல் நோய் கண்டது. அலை ஓய்ந்தபோது, தீவு மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் நோய்வாய்ப்பட்டிருந்தார்கள்.

இதே மாற்றம் 2007-இல் கேரளத்திலும் தென்பட்டது. ரீயூனியனிலிருந்து வந்து சேராமல், இந்தியாவில் பரவிய வைரஸிலேயே அது தனியாக நிகழ்ந்ததை மரபணு ஆய்வுகள் காட்டின. ரப்பர் தோட்டங்களில் பால் பிடிக்க மரத்தில் கட்டும் சிரட்டைகளில் மழைநீர் தேங்கியது. புலிக்கொசுவுக்கு அதுவே போதும். அதே ஆண்டு கேரளத்திலிருந்து ஒரு பயணி இத்தாலியின் காஸ்டிக்லியோனே டி செர்வியா என்ற சிற்றூருக்குச் சென்றார். அப்பகுதியில் 200 பேருக்கு மேல் நோய் தொற்றியது. பழைய டயர் வணிகத்தின் வழியே புலிக்கொசு அங்கு முன்பே குடியேறியிருந்தது.

அலை ஓய்வதும் எழுவதும்

சிக்குன்குனியா ஒருமுறை வந்தவருக்குப் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க எதிர்ப்பாற்றல் இருக்கும். பெரிய அலை கடந்த ஊரில், வைரஸ் தொற்றுவதற்குப் புது ஆட்கள் போதுமான அளவில் கிடைப்பதில்லை. நோய் அடங்கிவிடுகிறது. குழந்தைகள் பிறக்கப் பிறக்க, வெளியூர்க்காரர்கள் குடியேறக் குடியேற, எதிர்ப்பாற்றல் இல்லாதவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், 2025-இல் ரீயூனியனில் மீண்டும் 50,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதற்கு இது முக்கியக் காரணம்.

அதே ஆண்டு ஜூலையில் சீனாவின் ஃபோஷான் நகரில் நோய் வெடித்தது. அங்குள்ளவர்களில் பெரும்பாலானோர் இந்த வைரஸை முன்பு சந்தித்ததே இல்லை. நகர நிர்வாகம் குளங்களில் கொசுப்புழு தின்னும் மீன்களை விட்டது. நோயாளிகளை மருத்துவமனையில் கொசுவலைக்குள் படுக்கவைத்தது. நோயாளியின் ரத்தத்தில் முதல் ஒரு வாரம்தான் வைரஸ் மிகுந்திருக்கும். அந்த நாள்களில் அவரைக் கொசு கடிக்காவிட்டால், அவரிடமிருந்து அடுத்தவருக்கு நோய் போகப் பெரும்பாலும் வழியில்லை.