கையளவு எஞ்சின்கள் – 7: நைட்ரோ பக்கிக்கு எந்தக் கேன்?

போன வாரம் மருந்து அடிக்கும் ஸ்பிரேயரின் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தோம். இந்த வாரமும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்தான். ஆனால் இதற்குப் பெட்ரோலும் வேண்டாம், 2டி ஆயிலும் வேண்டாம். பிளக்கில் பொறிகூடப் பறக்காது.

உத்திரமேரூர் ஏரியில் தண்ணீர் வற்றிய கோடையில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உள்வாய்ப் பக்கம் போனால் சில நேரம் அந்தச் சத்தம் கேட்கும். கொசு காதுக்குள் புகுந்ததுபோலக் கீச்சென்ற சத்தம். வாரம் முழுக்க ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ்ஸில் போய்வரும் பையன்கள், சென்னையில் யாரோ விற்றுவிட்ட, ரிமோட்டில் ஓடும் நைட்ரோ பக்கியை வாங்கிவந்து ஓட்டுகிறார்கள். பெரும்பாலான நேரம் ஓட்டுவதில்லை. குனிந்து உட்கார்ந்து ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் என்னிடம் கேட்டார்: “ஏன்ணா, இதுல பெட்ரோல் ஊத்தனா ஓடாதா? பங்க்ல கிடைக்குதே!”

ஓடாது தம்பி. ஏன் ஓடாது என்று தெரிந்துகொண்டால் இந்த எஞ்சினில் பாதி புரிந்துவிடும்.

பெட்டிக்குள் வருவது நிஜ வண்டியில் எட்டில் ஒரு பங்கு அளவிலான பக்கி. எடை சுமார் மூன்றரை கிலோ. அதன் எஞ்சின் 3.5 சி.சி., நிமிஷத்துக்கு 30,000 சுற்றைத் தாண்டிப் போகும். தலையில் இருப்பது குளோ பிளக். அதற்குள் பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச் சுருள் இருக்கும். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒன்றரை வோல்ட் அளவுக்குக் கரண்ட் கொடுத்து அதைச் சிவக்க வைக்கிறோம். எஞ்சின் பிடித்ததும் பேட்டரியை எடுத்துவிடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தில் படும்போது நடக்கும் வேதிவினையும் எரியும் சூடும் அந்தச் சுருளைத் தொடர்ந்து கனன்றுகொண்டே இருக்கச் செய்கின்றன. 1947-இல் அமெரிக்காவில் ரே ஆர்டன் இந்தப் பிளக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான் விமான மாடல்களிலிருந்து காயிலும் பேட்டரியும் இறங்கின. பிளாட்டினத்தோடு மெத்தனாலுக்கு நடக்கும் இந்த வேலை பெட்ரோலுக்கு நடக்காது. போதாததற்கு, மெத்தனாலுக்கென்று போட்ட சிலிகான் டியூப் பெட்ரோல் பட்டால் ஊதிப்போய்விடும்.

ஆக, கேனில் மூன்று சரக்கு இருக்கிறது: மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய். கேன்மேல் எழுதியிருக்கும் 16, 20, 25 என்ற எண் நைட்ரோமீத்தேனின் சதவீதம். “எண் கூடினால் வேகம் கூடும்” என்பது பையன்களிடையே பரவியிருக்கும் நம்பிக்கை. அதில் உண்மை உண்டு. ஒரு பங்கு பெட்ரோல் எரிய அதைப்போல 14.7 மடங்கு எடையுள்ள காற்று வேண்டும். மெத்தனாலுக்கு 6.4 மடங்கு, நைட்ரோமீத்தேனுக்கு வெறும் 1.7 மடங்கு போதும். எரியத் தேவையான ஆக்சிஜனில் ஒரு பகுதியை அது தனக்குள்ளேயே வைத்திருப்பதுதான் காரணம். அதே சிலிண்டருக்குள், அதே காற்றுக்கு, கூடுதல் எரிபொருளை எரிக்க முடிகிறது.

ஆனால் பந்தயத்தில் 25, 30 சதவீதம் ஊற்றுகிறவர்கள் அதற்கேற்பத் தலைக்கு அடியில் ஷிம் சேர்த்துக் கம்ப்ரஷனைக் குறைக்கிறார்கள், பிளக்கையும் மாற்றுகிறார்கள். பெட்டியிலிருந்து எடுத்த எஞ்சினில் அப்படியே 30 சதவீதம் ஊற்றினால் நேரத்துக்கு முன்பே வெடித்து, பிளக்கின் சுருள் நசுங்கி, பிஸ்டன் தலையில் பொடிப்பொடியாகப் புள்ளி விழும். ஏரி உள்வாயில் விளையாட 16 தாராளம், 20 போதும் போதும். ஐரோப்பிய யூனியனில் 2021 பிப்ரவரி முதல் 16 சதவீதத்துக்கு மேல் நைட்ரோமீத்தேன் உள்ள கலவையைப் பொதுமக்கள் உரிமம் இல்லாமல் வாங்க முடியாது. வெடிபொருள் செய்யப் பயன்படும் என்பதால் வந்த சட்டம் அது. அதனால் அங்கே சாதாரண ஆட்டக்காரர்கள் 16-ஐ வைத்தே ஓட்டப் பழகிக்கொண்டார்கள். எஞ்சின்கள் ஒன்றும் சோர்ந்துபோய்விடவில்லை.

எண்ணைவிட நான் கவலைப்படுவது எண்ணெயைப் பற்றி. இந்த எஞ்சினுக்குத் தனி ஆயில் கிடையாது. எரிபொருளோடு வரும் எண்ணெய்தான் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் உயிர். நம் பக்கம் கையில் கிடைப்பது பெரும்பாலும் விமான மாடலுக்கான கேன். அதில் எண்ணெய் 18, 20 சதவீதம் வரை இருக்கும், நைட்ரோ குறைவாக இருக்கும். கார் எரிபொருளில் எண்ணெய் பொதுவாக 8 முதல் 12 சதவீதம். விமான எரிபொருளைக் காரில் ஊற்றினால் எஞ்சின் உடனே கெட்டுப்போகாது. ஆனால் புகை தள்ளும், ஐடிலில் நிற்காது, கார்புரேட்டரில் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் ஊசியை எத்தனை முறை திருப்பினாலும் ட்யூனிங் பிடிபடாது. புதிதாக வாங்கியவர் எஞ்சினில்தான் கோளாறு என்று முடிவுகட்டிக் கார்புரேட்டரைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார்.

எண்ணெயில் விளக்கெண்ணெய் சேர்ந்த கேனாகக் கேட்டு வாங்குங்கள். செயற்கை எண்ணெய் சுத்தமாக எரியும், ஆனால் சூடு எல்லை மீறினால் கைவிட்டுவிடும். விளக்கெண்ணெய் அந்தச் சூட்டிலும் உலோகத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். முதல் உலகப் போரின் விமான எஞ்சின்களுக்கு ஊற்றியதும் இதே ஆமணக்கு எண்ணெய்தான். அதற்காக மளிகைக் கடை விளக்கெண்ணெயை வாங்கிக் கலக்க வேண்டாம். எஞ்சினுக்கானது பிசின் நீக்கிச் சுத்திகரித்தது. கடைப் பாட்டிலில் என்ன கலந்திருக்கிறது என்று யாரும் உங்களுக்கு உத்தரவாதம் தர மாட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். “மெத்தனால் வாங்கி நாமே கலந்துக்கலாம், செலவு பாதிதான்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்திலும், நமக்குப் பக்கத்திலேயே மதுராந்தகத்தை அடுத்த சித்தாமூர்ப் பகுதியிலும் கள்ளச்சாராயம் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தது அதிலிருந்த மெத்தனாலால். மறு ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததும் அதே சரக்கு. தமிழ்நாட்டில் மெத்தனாலை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். 1959-ஆம் ஆண்டு விதிகள் அதற்கென்றே இருக்கின்றன. இந்தச் சாவுகளுக்குப் பிறகு கண்காணிப்பும் இறுகியிருக்கிறது. அது இறுகத்தான் வேண்டும்.

நைட்ரோ கேனில் பாதிக்கு மேல் அந்த மெத்தனால்தான். உடம்புக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைப் பிடிக்கும். குடித்த உடனே ஒன்றும் தெரியாது, பாதிப்பு வெளியே தெரிய அரை நாளோ ஒரு நாளோ ஆகலாம். அதனால் எரிபொருளைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ மாற்றி வைக்கவே கூடாது. வந்த கேனிலேயே இருக்கட்டும், மேலே “விஷம்” என்று தமிழில் பெரிதாக எழுதுங்கள். தோல் வழியாகவும் உள்ளே போகும் என்பதால் கையுறை போடுங்கள். இன்னொன்று, மெத்தனால் தீப்பிடித்தால் பகல் வெயிலில் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. டாங்க்கில் ஊற்றும்போது வழிந்து சூடான சைலன்ஸரில் பட்டு, கை சுட்ட பிறகுதான் தெரியவரும். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும். மெத்தனால் தண்ணீரில் கரையும், நிறைய ஊற்றினால் அணைந்துவிடும்.

இனி பழுதுக்கு வருவோம். புது எஞ்சினில் முதலில் ‘பழுது’ என்று கொண்டுவருவது பழுதே இல்லை. கயிற்றை இழுத்தால் ஒரு இடத்தில் இறுகி நிற்கும், உதைத்தாலும் நகராது. இதில் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. அலுமினியப் பிஸ்டன், குரோமியம் பூசிய பித்தளை ஸ்லீவ். ஸ்லீவ் மேலே போகப்போக மயிரிழை குறுகும். சூடானதும் பித்தளை விரிந்து அளவு சரியாகும்படி செய்திருக்கிறார்கள். குளிர்ந்திருக்கும்போது அந்த இறுக்கம் இருந்தால்தான் நல்ல எஞ்சின். பலங்கொண்டு இழுத்துக் கயிற்றை அறுக்காமல், ஹேர் டிரையரால் தலையைத் தொட முடியாத சூடுவரை சூடேற்றி இழுங்கள். ஓட்டி முடித்ததும் ஃபிளைவீலைக் கையால் திருப்பிப் பிஸ்டனைக் கீழே இறக்கி வையுங்கள். மேலே நிறுத்தி ஆறவிட்டால் ஸ்லீவ் அதன்மேல் இறுகிக்கொள்ளும்.

உண்மையான பழுதுகளில் முதலிடம் காற்றுக் கசிவுக்கு. அறிகுறிகள் இவை: ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் சுற்று இறங்காமல் மேலேயே தொங்கும். டாங்க் நிறைந்திருக்கும்போது ஒரு மாதிரி, பாதியானதும் வேறு மாதிரி ஓடும். காலையில் வைத்த ட்யூனிங் பத்து நிமிஷத்தில் தவறும். எங்கோ ஒரு ஊசிமுனை ஓட்டை வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. அதை ஊசியால் சரிசெய்யவே முடியாது.

கண்டுபிடிக்க சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் பார்க்கும் வழிதான். டாங்க்கைக் கழற்றி, எரிபொருள் போகும் குழாயை விரலால் அடைத்து, பிரஷர் குழாயில் வெறும் டியூப் ஒன்றைச் செருகிக் காற்றடித்துத் தண்ணீர் வாளியில் அமிழ்த்துங்கள். மூடியின் ஓரத்திலிருந்து குமிழி வரிசையாகக் கிளம்பினால் மூடியின் ரப்பர் வளையம் போய்விட்டது. வாயால் உறிஞ்சியோ ஊதியோ பார்க்க வேண்டாம், உள்ளே இருந்தது மெத்தனால். காற்றடிக்க, ஊசி போடும் சின்ன சிரிஞ்ச் போதும். எரிபொருள் டியூபையும் அதேபோல் அமிழ்த்தி வளைத்துப் பாருங்கள். சைலன்ஸரில் பட்டுச் சுட்ட இடத்தில் குமிழி வரும். டியூப் விலை சொற்பம், வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். டாங்க்கும் டியூபும் சரியாக இருந்தால் அடுத்துச் சந்தேகப்பட வேண்டியது கார்புரேட்டர் எஞ்சினில் உட்காரும் கழுத்து, பின்மூடி, முன் பேரிங். முதல் இரண்டையும் கழற்றித் துடைத்து, சூடு தாங்கும் சிலிகான் பேஸ்ட்டை மெல்லியதாகத் தடவி இறுக்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஸ்குரூ கழலுவது அடுத்த தொல்லை. 30,000 சுற்று அதிர்வில் இரும்பு இரும்போடு சேரும் எந்த ஸ்குரூவும் தானாக நிற்காது. முதல் ஓட்டத்துக்கு முன்பே ஒவ்வொன்றாகக் கழற்றி, நீல நிற லாக் திரவம் ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள். குறிப்பாக எஞ்சினைச் சட்டத்தில் பிடிக்கும் நான்கு ஸ்குரூ. அவை தளர்ந்தால் பல்சக்கர இடைவெளி மாறிப் பெரிய சக்கரத்தின் பல் மொத்தமாக மழுங்கிவிடும். இடைவெளி வைக்க, இரண்டு சக்கரத்துக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி, எஞ்சினை நெருக்கி இறுக்கி, காகிதத்தை உருவிவிடுங்கள்.

நம் ஏரி மண்ணுக்கென்று ஒரு எச்சரிக்கை. காய்ந்த வண்டல் சக்கரத்தில் அரைபட்டு முகப்பவுடர்போலப் பறக்கும். காற்று வடிகட்டியின் ஃபோமில் எண்ணெய் தடவாமல் ஒரே ஒரு டாங்க் ஓட்டினாலும் அந்தத் தூள் உள்ளே போய் ஸ்லீவின் குரோமியத்தைத் தேய்த்துவிடும். தேய்ந்த ஸ்லீவுக்கு வைத்தியம் இல்லை, பிஸ்டனோடு மாற்ற வேண்டும், அது எஞ்சின் விலையில் பாதி. ஒவ்வொரு ஓட்ட நாளுக்கும் கழுவி எண்ணெயிட்ட ஃபோம் ஒன்று தயாராக இருக்க வேண்டும்.

ட்யூனிங்கைப் பற்றி விரிவாகப் பிறகு எழுதுகிறேன். இப்போதைக்கு வெயில் சங்கதி மட்டும். 40 டிகிரி வெயிலில் காற்று, மார்கழிக் காலைக் காற்றைவிட ஐந்தாறு சதவீதம் அடர்த்தி குறைந்தது. மத்தியானத்துக்கு ஏற்ப ஊசியை மூடி வைத்துவிட்டு, மறுநாள் விடியற்காலையில் அப்படியே ஓட்டினால் காற்று கூடி, எரிபொருள் போதாமல், எண்ணெயும் குறைந்து எஞ்சின் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த நேரத்தில் ஊசியைக் கொஞ்சம் திறந்தே ஆரம்பியுங்கள். பிளக்கின் அடியில் சூடு 100 முதல் 120 டிகிரிக்குள் நிற்க வேண்டும். பைப்பிலிருந்து மெல்லிய நீலப்புகை கோடாக வந்துகொண்டிருந்தால் எண்ணெய் போகிறது என்று அர்த்தம்.

எஞ்சினைத் தொடுவதற்கு முன் ரிசீவரில் ஃபெயில்சேஃப் வைத்துவிடுங்கள். சிக்னல் அறுந்தால் ஆக்சிலரேட்டர் மூடிப் பிரேக் பிடிக்க வேண்டும். ரிமோட்டை அணைத்துச் சோதித்துப் பாருங்கள், கார்புரேட்டருக்குத் திரும்பும் ஸ்பிரிங் ஒன்றும் மாட்டுங்கள். மணிக்கு அறுபது கிலோமீட்டரில் ஓடும் மூன்றரை கிலோ வண்டி, ஆடு மேய்க்கிற சிறுவனின் காலில் பட்டால் எலும்பு நிற்காது.

என் முடிவு இது. ஒரே வகை எரிபொருள், சீல் உடையாத கேனில், உரிய கடையிலிருந்து தொடர்ந்து கிடைக்கும் வழி உங்களுக்கு இருந்தால் மட்டும் நைட்ரோ பக்கி வாங்குங்கள். 125 சி.சி. டாங்க்குக்கு ஒரு லிட்டர் எட்டு முறைதான் வரும் என்பதையும் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். அந்த வழி இல்லையென்றால் பேட்டரியில் ஓடும் பிரஷ்லெஸ் பக்கியே நல்லது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக, வீட்டில் அந்தக் கேன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குழந்தைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.

(தொடரும்)