நடுக்கடலில் நான்கு மணி நேரம்

திங்கள், புதன், வெள்ளி. இல்லையென்றால் செவ்வாய், வியாழன், சனி. சிறுநீரகங்கள் செயலிழந்து டயாலிசிஸில் இருப்பவரின் வாரம் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் கையில் இரண்டு ஊசி, சுமார் நான்கு மணி நேரம். ஒருமுறை தவறினாலே உடம்பில் நீர் கோத்து மூச்சு முட்டலாம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறலாம். வார இறுதியில் வரும் இரண்டு நாள் இடைவெளியே ஆபத்தானது. அமெரிக்காவில் 32,000க்கும் அதிகமான நோயாளிகளை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வில், அந்த நீண்ட இடைவெளிக்கு அடுத்த நாளில்தான் மரணங்கள் கூடுதலாக இருந்தன.

இப்படிப்பட்ட ஒருவர் ஏழு நாள் கரீபியன் கடலில் உல்லாசக் கப்பலில் போய்வர முடியுமா? முடியும். போய்க்கொண்டும் இருக்கிறார்கள். சாதாரணமாகக் கப்பல் மருத்துவமனைகளில் டயாலிசிஸ் கிடையாது. அதனால் சில நிறுவனங்கள் மிஷின்களையும் சிறுநீரக மருத்துவரையும் பயிற்சி பெற்ற நர்ஸ்களையும் டெக்னீஷியனையும் கப்பலுக்கே கூட்டிவருகின்றன. அமெரிக்காவின் ‘டயாலிசிஸ் அட் சீ’ 1970களின் பிற்பகுதியிலிருந்தே இதைச் செய்துவருகிறது. சியாட்டில் நகரில் மருத்துவர் பெல்டிங் ஸ்க்ரிப்னர், ஒரே நோயாளிக்குத் திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்ய வழிவகுத்த டெஃப்லான் குழாயை உருவாக்கியது 1960இல். கையின் சிரையையும் தமனியையும் இணைக்கும் ஃபிஸ்டுலா அறுவை சிகிச்சை பற்றிய முதல் கட்டுரை வந்தது 1966இல். அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டுகள்கூட ஆகவில்லை, நோயாளிகள் கடலேறிவிட்டார்கள். மருத்துவ வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த வேகங்களில் இது ஒன்று.

மிஷினையும் மருத்துவரையும் கப்பலில் ஏற்றிவிடலாம். உண்மையான கேள்வி தண்ணீர்.

மிஷினின் வடிகட்டியான டயலைசருக்குள் ஒரு மெல்லிய சவ்வின் ஒருபக்கம் ரத்தம் ஓடுகிறது; மறுபக்கம் உப்புகள் அளவாகக் கலந்த நீர் ஓடுகிறது. கழிவுகள் சவ்வைத் தாண்டி நீருக்குள் போகின்றன. அந்த நீர் வழக்கமாக நிமிடத்துக்கு அரை லிட்டர். நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர், வாரத்துக்கு 360 லிட்டர். நாம் குடிப்பது நாளுக்கு இரண்டு லிட்டர் என்றாலும் வாரத்துக்குப் பதினான்குதான். அதையும் குடல் வடிகட்டி, கல்லீரல் பார்த்து, சிறுநீரகம் மிச்சத்தை வெளியேற்றுகிறது. டயாலிசிஸ் நோயாளிக்கு அந்தக் காவல் எதுவும் இல்லை. சவ்வு ஒன்றுதான் தடுப்பு. சவ்வுக்கோ நல்ல மூலக்கூறு, கெட்ட மூலக்கூறு என்ற பேதம் தெரியாது. அளவில் சிறியது எதுவானாலும் இரு திசையிலும் கடக்கும்.

கப்பலின் குடிநீர் துறைமுகத்தில் நிரப்பியதாகவோ, கடல்நீரைக் காய்ச்சி வடித்தோ ஆர்.ஓ. முறையில் உப்பு நீக்கியோ தயாரித்ததாகவோ இருக்கும். ஆயிரக்கணக்கான பேர் குடிக்கும் நீர் என்பதால் கிருமி சேராமல் குளோரின் அல்லது புரோமின் கலப்பார்கள். குடிப்பவருக்கு அது பாதுகாப்பு. அதே குளோரின், அதிலும் அம்மோனியாவுடன் சேர்ந்து உருவாகும் குளோரமின், டயாலிசிஸ் நீரில் தங்கிவிட்டால் நேராக ரத்தத்தில் புகுந்து சிவப்பணுக்களை உடைத்துவிடும். ஆகவே மிஷினுக்கு முன்னால் கரித்தூள் நிரம்பிய தொட்டி, அதற்கடுத்து ஆர்.ஓ. சவ்வு. ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால் குளோரின் சோதனை. தரையில் இருக்கும் டயாலிசிஸ் யூனிட்டிலும் இதே ஒழுங்குதான். கப்பலில் நீர் எந்தத் துறைமுகத்திலிருந்து வருகிறது என்பது பயணத்தின்போதே மாறுவதால் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பல உல்லாசக் கப்பல்கள் நின்றுபோகும் குராசோ தீவில் 1996இல் நடந்ததை டயாலிசிஸ் டெக்னீஷியன்கள் மறக்கவே கூடாது. அந்தத் தீவில் குடிநீர் கடல்நீரிலிருந்து தயாராகிறது. அங்கே ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு நீர் கொண்டுவந்த புதுக் குழாயின் உட்புறம் சிமெண்ட் பூச்சு கொண்டது. உப்பு நீக்கிய நீர் அந்தப் பூச்சிலிருந்து அலுமினியத்தைக் கரைத்து எடுத்துவந்தது. அது நோயாளிகளின் மூளையைத் தாக்கியது. அந்த மையத்தில் சிகிச்சை பெற்றவர்கள் 27 பேர். அவர்களில் 10 பேர் இறந்தார்கள். நீரின் நிறத்திலோ சுவையிலோ எந்தக் குறையும் தெரியாமல் நடக்கக்கூடிய விபத்து இது.

தண்ணீருக்கு அடுத்தது எடை. டயாலிசிஸில் எவ்வளவு நீரை வெளியே எடுக்க வேண்டும் என்பதை, நோயாளியின் இப்போதைய எடையிலிருந்து ‘ட்ரை வெயிட்’ எனும் இலக்கு எடையைக் கழித்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஒரு கிலோ என்றால் ஒரு லிட்டர். அதிகம் எடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்து கால் பிடித்துக்கொள்ளும். குறைவாக எடுத்தால் நுரையீரலில் நீர் தங்கும். அலையாடும் கப்பலில் எடைக்கருவி நிலையாக நிற்காது. தளம் மேலே உந்தப்படும் கணத்தில் கூடுதலாகவும், தணியும் கணத்தில் குறைவாகவும் காட்டும். பலமுறை நிறுத்துப் பார்த்து, கால் வீக்கத்தையும் ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் கவனித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நல்ல நர்ஸின் கண்ணுக்கு மதிப்பு கூடும் இடம் இது.

கப்பலின் சாப்பாட்டு மேசை இன்னொரு சோதனை. உப்பு நாக்கை இழுக்கும், உப்பு தாகத்தைக் கூட்டும், தாகம் எடையைக் கூட்டும். இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சுச் சாறு எல்லாமே பொட்டாசியம். கரீபியன் சந்தைகளில் கிடைக்கும் நட்சத்திரப் பழத்தை மட்டும் ஒரு துண்டுகூடத் தொடக் கூடாது. அதிலுள்ள நஞ்சை ஆரோக்கியமான சிறுநீரகம் வெளியேற்றிவிடும். டயாலிசிஸ் நோயாளிக்கு நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு என்று போய் மரணம் வரைக்கும் கொண்டுவிட்டிருக்கிறது. வயிறு சரியில்லை என்று கப்பல் கடையில் ஆன்டாசிட் வாங்குவதும் ஆபத்து. பலவற்றில் மக்னீசியமும் அலுமினியமும் இருக்கின்றன.

வயிற்றிலேயே கரைசலை நிரப்பி மாற்றும் பெரிட்டோனியல் டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் பயணம் எளிது. சீல் வைத்த கரைசல் பைகள் முன்கூட்டியே கப்பலுக்கு வந்துவிடும், கேபினிலேயே மாற்றிக்கொள்ளலாம். கை சுத்தம்தான் எல்லாம். வீட்டில் வைத்துச் செய்யும் முப்பது கிலோவுக்கு மேற்பட்ட சிறிய மிஷின்களைக் கேபினுக்கே எடுத்துச் செல்பவர்களும் உண்டு.

துறைமுகத்துக்குத் துறைமுகம் இறங்கி உள்ளூர் மையத்தில் செய்துகொள்ளலாம் என்ற யோசனை மலிவாகத் தோன்றும். புயலால் கப்பல் அந்தத் துறைமுகத்தைத் தவிர்த்துவிட்டால் என்ன செய்வது? என் பார்வையில் அது எடுக்கக் கூடாத துணிச்சல்.

பணம் பெரிய தடை. 1972இல் இயற்றப்பட்ட சட்டத்தால் டயாலிசிஸ் செலவை ஏற்ற அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர், கப்பல் டயாலிசிஸுக்குப் பொதுவாகப் பணம் தருவதில்லை. டிக்கெட்டோடு சிகிச்சைச் செலவும் நோயாளியின் கையிலிருந்தே போகிறது. ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்குத் தனி மிஷின் தேவை என்பதால் அவர்களுக்கு இடம் கிடைப்பது கடினம். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர் பயணக் காலத்தில் பட்டியலில் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படலாம். எடுத்த சிறுநீரகம் ஒன்றரை நாளுக்கு மேல் தாங்குவது அரிது. நடுக்கடலில் இருப்பவரால் வந்துசேர முடியாது.

இத்தனைக்கும் பிறகு ஏன் போக வேண்டும் என்று கேட்பவர்கள், வருடக்கணக்காக ஒரே கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பவரிடம் அதைக் கேட்டுப் பார்க்கட்டும். கடலோ, கோயிலோ, பேத்தியின் கல்யாணமோ, டயாலிசிஸில் இருப்பவர் வெளியூர் போக ஆசைப்பட்டால் வீட்டார் உடனே மறுத்துவிட வேண்டாம். பல வாரங்களுக்கு முன்பே உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் பேசுங்கள். ட்ரை வெயிட், டயலைசர் வகை, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தின் அளவு, சமீபத்திய ரத்தப் பரிசோதனைகள், ஹெபடைட்டிஸ் முடிவுகள் அனைத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போகும் இடத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி கட்டணத்தைப் பற்றியது அல்ல. தண்ணீரைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள், முடிவைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள்.