சாப்பிட மறுப்பது வெறும் 'டயட்' தானா? உண்ணும் கோளாறுக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் என்ன தொடர்பு?

'பசிக்கல', 'அப்புறம் சாப்பிட்டுக்கறேன்', 'டயட்ல இருக்கேன்'... டீன் ஏஜ் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தைகள் இவை. பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால், சாப்பாட்டைக் கண்டாலே பயம், கண்ணாடியைப் பார்த்தாலே வெறுப்பு என்று மாறினால், அது 'ஈட்டிங் டிஸ்ஆர்டர்' எனும் உண்ணும் கோளாறாக இருக்கலாம். இதை மருத்துவர்கள் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஏன்?

என்னென்ன வகை?

எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் உணவைக் குறைத்துக்கொண்டே போவது அனோரெக்சியா. கட்டுப்பாடின்றி சாப்பிட்டுவிட்டு, பிறகு அதை வலிந்து வெளியேற்றுவது புலிமியா. புலிமியா உள்ள பலருக்கு உடல் எடை இயல்பாகவே இருக்கும். அதனால் கூட இருப்பவர்களுக்கே தெரியாமல் போய்விடும்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

36 ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் வெளியான ஆய்வில், அனோரெக்சியா பாதிப்புக்கு ஆளாகி இறந்தவர்களில் 5-ல் ஒருவர் தற்கொலையால் இறந்தது தெரியவந்தது. அதாவது, ஆபத்து உடல் மெலிவில் மட்டும் இல்லை.

பசி மனதை என்ன செய்யும்?

1944-45ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை நடத்தினார். உடலும் மனமும் நன்றாக இருந்த 36 ஆண்களுக்கு, சுமார் 6 மாதம் பாதியளவு உணவே தரப்பட்டது. விளைவு? பலருக்கு மனச்சோர்வு, எரிச்சல். நண்பர்களிடம் இருந்து ஒதுங்கினார்கள். நாள் முழுக்க சாப்பாட்டு நினைப்புதான். நன்றாக இருந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், ஏற்கெனவே மனச்சோர்வில் இருப்பவர்களுக்கு?

இதோடு வெட்கம், ரகசியம், 'நான் எல்லோருக்கும் பாரம்' என்ற எண்ணமும் சேரும்போது ஆபத்து கூடுகிறது.

பிரிட்டன் இளவரசி டயானா, 1995-ல் பிபிசி பேட்டியில், பல ஆண்டுகள் புலிமியாவுடன் போராடியதையும், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டதையும் சொன்னார். கேமரா முன் சிரித்த முகத்துக்குப் பின்னால் இருந்த வலி அது.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

* சேர்ந்து சாப்பிடுவதைத் தவிர்ப்பது, சாப்பிட்டதும் பாத்ரூமுக்குப் போய்விடுவது, யாருடனும் பேசாமல் ஒதுங்குவது ஆகியவற்றைக் கவனியுங்கள்.
* 'குண்டாயிட்ட', 'எலும்பும் தோலுமா ஆயிட்ட' போன்ற கமென்ட் வேண்டாம். விளையாட்டுக்குக்கூட.
* 'வாழவே பிடிக்கலன்னு தோணுதா?' என்று அன்பாக, நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மனம் திறந்து பேச அதுவே வழியாகலாம்.
* 'தானா சரியாயிடும்' என்று காத்திருக்க வேண்டாம். மனநல மருத்துவர், உணவியல் நிபுணர், குடும்பம் மூன்றும் சேர்ந்தால் இதிலிருந்து மீள முடியும்.

தற்கொலை எதற்கும் தீர்வல்ல. அப்படி எண்ணம் தோன்றினால், தயங்காமல் பேசுங்கள்: டெலி மானஸ் - 14416 (24 மணி நேரமும் இலவசம்), தமிழக அரசு சுகாதார உதவி எண் - 104, சினேகா - 044-24640050.