கணுக்கால் மூட்டு: இணைப்பதா, மாற்றுவதா?

சகோதரிகளே! கணுக்கால் வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பவர்கள் நம்மில் பலர். முழங்கால் தேய்வு போல இது முதுமையால் மட்டும் வருவதல்ல. என்றோ ஏற்பட்ட எலும்பு முறிவோ கடும் சுளுக்கோதான் பெரும்பாலும் காரணம்.

மருந்தும் ஊசியும் பட்டியும் பயன் தராவிட்டால் டொக்டர் இரண்டு சத்திரசிகிச்சைகளைச் சொல்லக்கூடும்.

ஒன்று, மூட்டை இணைப்பது. தேய்ந்த குருத்தெலும்பை அகற்றி, எலும்புகளை ஆணிகளால் இறுக்கி ஒன்றாக வளர விடுவார்கள். மூட்டின் அசைவு போய்விடும்; வலி பெரிதும் குறையும். ஆனால் சுமையைத் தாங்கும் அயல் மூட்டுகள் காலப்போக்கில் தேயலாம்.

மற்றது, உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட செயற்கை மூட்டு. அசைவு ஓரளவு மிஞ்சும். ஆனால் காயம் ஆறத் தாமதிக்கலாம். மூட்டு தேய்ந்தால் மீண்டும் சத்திரசிகிச்சை தேவைப்படும்.

எது சிறந்தது? பிரித்தானியாவில் 50 முதல் 85 வயது வரையான 303 பேரைக் கொண்ட ஆய்வு 2022இல் வெளியானது. ஒரு வருடத்தின் பின் இரு சாராருமே நன்கு தேறியிருந்தனர், பெரிய வித்தியாசமில்லை.

ஆகவே உங்கள் நிலைமையே தீர்மானிக்கும். இளவயதில் பாரமான வேலை செய்பவருக்கு இணைப்பும், வயது கூடி அயல் மூட்டுகளும் தேய்ந்தவருக்கு மாற்று மூட்டும் பெரும்பாலும் பொருந்தும். சீனி வியாதியால் பாதம் மரத்துப்போனவருக்குச் செயற்கை மூட்டு பொதுவாக உகந்ததல்ல.

டொக்டரிடம் கேளுங்கள்: எத்தனை வாரம் காலை ஊன்றக் கூடாது? தொழுகையின் இருப்பில் பாதம் எவ்வளவு மடியும்? மடியாவிட்டாலும் கலங்க வேண்டாம். இயலாதவர் கதிரையில் அமர்ந்து தொழ மார்க்கம் இடமளிக்கிறது. வீட்டாரிடமும் ஒன்று கேளுங்கள்: அந்த வாரங்களில் அடுப்படியை யார் பார்ப்பது? அதற்குப் பதில் கிடைத்த பின்பே திகதி குறியுங்கள்.