பாணி காய்ச்சும் கொட்டிலுக்கு எவ்வளவு இடம் விடுவது?

கண்டி மாவட்டத்தின் நக்கிள்ஸ் மலைப்பக்கம், மீமுரே போன்ற ஊர்களில் கித்துள் பாணி இன்றும் வீட்டடுப்பில் காய்ச்சப்படுகிறது. ஒன்றிரண்டு மரங்களுக்கு அது போதும். விற்பனைக்கென்று தனிக் கொட்டில் போடுபவர், ஆகக் கூடுதலாக வடியும் நாளின் அளவை முதலில் கணக்கெடுக்க வேண்டும். கித்துள் பதநீர் காத்திருக்காது. முட்டியில் ஹல் மரப்பட்டை போட்டாலும் புளிப்பு கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான். இறக்கிய அன்றே காய்ச்சியாக வேண்டும்.

ஒரு லீற்றர் பாணிக்கு ஏறத்தாழ ஆறேழு லீற்றர் பதநீர் தேவை; மிச்சமெல்லாம் ஆவி. கனடாவின் மேப்பிள் பாணிக்கோ ஏறத்தாழ 40 லீற்றர் சாறு வற்ற வேண்டும். அதனால்தான் அங்கே கொட்டிலின் கூரை உச்சியில் ஆவி வெளியேறத் திறப்பு வைக்கிறார்கள். நமக்கும் அது வேண்டும். இல்லாவிட்டால் கூரையில் கோர்த்த நீர் தாச்சிக்குள்ளேயே சொட்டும்.

அடுப்பை நடுவில் கட்டினால் இரண்டாவது அடுப்புக்கு இடமிராது. ஒரு ஓரமாகக் கட்டி, எதிர்ப்பக்கத்தைக் கிடுகாலோ தகரத்தாலோ அடையுங்கள். பின்னர் கழற்றி நீட்டலாம். விறகுக்குத் தனிச் சாய்ப்பு. போத்தலில் அடைக்கும் இடம் புகைக்கு எட்டத்தில்.

வடக்கில் பனங்கட்டி காய்ச்சுவோருக்கு இது இன்னும் அவசரம். போரில் பதுங்குகுழிகளுக்காக எத்தனையோ பனைகள் தறிக்கப்பட்டன. 2009க்குப் பின் நட்ட வடலிகள் பாளை தள்ள 15 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். அவை சீவும் பருவத்துக்கு வரும்போது, இன்றைய நாலு மரக் கருப்பணிக்கு அளந்து எழுப்பிய கற்சுவரை இடிக்க வேண்டிவரும்.